மின்சாரமும் எரிவாயுவும் நம் வீட்டுக்கு வரும் வழி: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கு ஓர் அறிமுகம்

மின்சாரத்தை விற்கும் ஒரு நிறுவனத்தால் தன் சரக்கைக் களஞ்சியத்தில் அடுக்கி வைக்க முடியாது. சமையல் எரிவாயு விற்பவருக்கு அந்த வசதி உண்டு. கப்பலில் வந்த வாயுவைத் தாங்கியில் நிரப்பி, சிலிண்டரில் அடைத்து, லொறியில் ஏற்றி, ஓட்டமாவடியிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள கடையின் இரும்புக் கூண்டுக்குள் வாரக்கணக்கில் அதை வைத்திருக்கலாம். மின்சாரமோ உற்பத்தியாகும் நொடியிலேயே எங்கேயாவது பயன்பட்டாக வேண்டும். மாலை ஏழு மணிக்குக் காத்தான்குடியில் ஒருவர் கிணற்று மோட்டாரைப் போட்டால், அதற்குரிய மின்சாரத்தை அதே கணத்தில் நாட்டின் ஏதோ ஒரு மின் நிலையம் கூடுதலாக உற்பத்தி செய்து கொடுக்கிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், மின்வெட்டு ஏன் வருகிறது, இரவில் மின்விசிறி ஏன் சோர்ந்து சுற்றுகிறது, கூரையில் சூரியத் தகடு போட்டவரிடம் பகலில் அதை நிறுத்தி வைக்கும்படி ஏன் கேட்கிறார்கள் என்பவையெல்லாம் சிரமமின்றி விளங்கும்.

இலங்கையில் முதலில் வந்தது மின்சாரம் அன்று, எரிவாயுதான். 1872 இல் கொழும்பில் தொடங்கப்பட்ட எரிவாயு, நீர்க் கம்பனி, நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவைக் குழாய்கள் வழியாகக் கொண்டுசென்று தெருவிளக்குகளை எரித்தது. மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அந்தக் குழாய் வாயு தலைநகரைத் தாண்டி எங்கள் பக்கம் ஒருபோதும் வரவில்லை. இன்றும் கிழக்கு மாகாணத்தில் எரிவாயு என்றால் அது சிலிண்டர்தான். ஆகவே மின்சாரத்தையும் எரிவாயுவையும் ஒரே நிறுவனமே வீட்டுக்கு வீடு கொண்டு சேர்க்கும் சில வெளிநாடுகளின் முறையை இங்கே தேட வேண்டியதில்லை. நம் நாட்டில் இவை இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் கையில் இருக்கின்றன.

மின்சாரத்தின் கதை மலைநாட்டில் வளர்ந்தது. களனி கங்கையின் மேற்பகுதி நீரைக் கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்யலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் ஓர் ஆய்வுரையில் எடுத்துக்காட்டினார். ஆனால் லக்சபானவில் அந்தக் கனவு நனவாக 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காலத்தில் மின் விநியோகம் ஓர் அரச திணைக்களத்தின் பொறுப்பில் இருந்தது. பல ஊர்களில் உள்ளூராட்சி மன்றங்களே மின்சாரத்தை மொத்தமாக வாங்கித் தம் எல்லைக்குள் விநியோகித்தன. 1969 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அந்த ஆண்டு நவம்பர் 1 ஆம் திகதி இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. கொழும்பை அண்டிய மேற்குக் கரையோரத்தின் சில பகுதிகளுக்கு 1983 இல் லெக்கோ என்னும் தனிக் கம்பனி வந்தது. எங்கள் இரு மாவட்டங்களிலும் கம்பியும் கம்பமும் மீற்றரும் பட்டியலும் மின்சார சபையின் வழியாகவே வந்தவை.

மலைநாட்டுக் கதையையே கேட்டுப் பழகியவர்கள், கிழக்கிலும் ஒரு பழைய நீர்மின் நிலையம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் மொரிசன் நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் அணையைக் கட்டியது. அப்போது அந்த நிலம் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல்தான். அணையினால் உருவான சேனநாயக்க சமுத்திரம் ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி நீரைத் தாங்கக்கூடியது. அணையின் கீழே அமைந்த மின் நிலையம் 1963 இல் இயங்கத் தொடங்கியது. அதில் நான்கு இயந்திரங்கள் இருக்கின்றன. இரண்டு 2.475 மெகாவாட் வீதமும் மற்ற இரண்டு 3.15 மெகாவாட் வீதமும் தர, மொத்தம் 11.25 மெகாவாட் ஆகிறது.

இந்த நிலையத்தில் கவனிக்க வேண்டிய சிறப்பு ஒன்றுண்டு. மலைநாட்டின் பெரிய மின் நிலையங்களில் நீரைத் திறப்பதா மூடுவதா என்று தீர்மானிக்கும்போது மின்தேவைக்கு முக்கிய இடம் உண்டு. இங்கினியாகலையில் அந்த இடம் வயலுக்குரியது. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் நீர்ப்பாசனத்துக்காகத் திறந்துவிடும் நீர், போகும் வழியில் சுழலியைச் சுழற்றிவிட்டுப் போகிறது. வயலுக்கு நீர் தேவைப்படாத நாளில், குளம் நிறைந்து கிடந்தாலும், மின்சாரத்துக்கென்று மட்டும் நீரைத் திறந்து வீணாக்குவதில்லை. சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் கதிர் பால் பிடிக்கும் காலத்து நீர்ப்பங்கீடுதான் அந்த இயந்திரங்களின் நேர அட்டவணையை எழுதுகிறது என்று சொன்னால் மிகையாகாது. ஆனாலும் நாட்டின் உச்சத் தேவை இன்று ஏறத்தாழ 2,800 மெகாவாட். அதில் 11.25 மெகாவாட் என்பது நூற்றுக்கு அரைப் பங்கும் ஆகாது. எங்கள் மின்சாரம் எங்கள் குளத்திலிருந்தே வருகிறது என்று சில பெரியவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அதில் ஓரளவு உண்மை இருந்தாலும், ஒரு வீட்டின் விளக்கில் எரிவது இன்ன நிலையத்து மின்சாரம் என்று பிரித்துக் காட்ட எவராலும் முடியாது. எல்லா நிலையங்களின் உற்பத்தியும் தேசிய மின் வலையமைப்பில் கலந்துவிடுகிறது.

அந்த வலையமைப்பு எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். நுரைச்சோலையில் உள்ள 900 மெகாவாட் நிலக்கரி நிலையமும், மகாவலி, லக்சபான நீர்மின் நிலையங்களும், எண்ணெயில் இயங்கும் நிலையங்களும், காற்றாலைகளும், சூரிய நிலையங்களும் தரும் மின்சாரம் 220 அல்லது 132 கிலோவோல்ட் அழுத்தத்துக்கு உயர்த்தப்பட்டு உயர்ந்த இரும்புக் கோபுரங்களின் வழியே ஓடுகிறது. அழுத்தத்தை உயர்த்தினால் அதே அளவு சக்தியைக் குறைந்த மின்னோட்டத்தில் கொண்டுபோகலாம். மின்னோட்டம் குறைந்தால் கம்பி சூடாகி வீணாகும் சக்தியும் குறையும். கிழக்கை நோக்கி வரும் 132 கிலோவோல்ட் வழிகளில் ஒன்று பதுளைப் பக்கமிருந்து இங்கினியாகலைக்கு வருகிறது. மற்றொன்று ஹபரணைப் பக்கமிருந்து வாழைச்சேனைக்கு வருகிறது. இங்கினியாகலை, அம்பாறை, வவுணதீவு, வாழைச்சேனை ஆகிய இடங்களில் உள்ள பெரிய உபமின் நிலையங்களில் அழுத்தம் 33 கிலோவோல்டாகக் குறைக்கப்படுகிறது. வீதியோரக் கம்பங்களின் உச்சியில், கைக்கு எட்டாத உயரத்தில், மூன்று கம்பிகளாக ஓடுவது பெரும்பாலும் இந்த 33 கிலோவோல்ட் வழிதான். ஊருக்குள் வந்ததும் கம்பத்தில் ஏற்றி வைத்த ட்ரான்ஸ்போமர் அதை 400 வோல்டாகக் குறைக்கிறது. அதிலிருந்து ஒரு கட்டக் (ஃபேஸ்) கம்பி வீட்டுக்கு வரும்போது 230 வோல்ட் ஆகிறது.

இந்த 230 எப்போதும் துல்லியமாக 230 ஆக இருப்பதில்லை. நூற்றுக்கு ஆறு கூடியோ குறைந்தோ இருக்கலாம் என்பது விதி. அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை ஏற்கத்தக்கது. ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரம் கூடக் கூட, நடுவில் வீடுகள் பெருகப் பெருக, கம்பியின் கடைசியில் உள்ளவருக்கு அழுத்தம் குறைகிறது. வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயல்கள் நீரை வேண்டிய மட்டும் எடுத்தபின் கடைமடை வயலுக்குக் கசிவுதான் மிஞ்சும் என்பது எந்த விவசாயிக்கும் தெரிந்ததே. மின்கம்பியிலும் நடப்பது அதுவே. படுவான்கரையின் சில ஊர்களில் இரவு எட்டு மணிக்குக் குளிர்சாதனப் பெட்டி முனகுவதற்கு அந்தப் பெட்டியைக் குறை சொல்வதில் பயனில்லை. அளவுக்கு மீறி நீண்ட கம்பிதான் காரணம். புதிய ட்ரான்ஸ்போமர் ஒன்றை நடுவே வைப்பதே இதற்கு நிலையான தீர்வு. அழுத்தச் சீராக்கியை வாங்கி வைப்பது நமது பொருளைக் காக்குமே ஒழிய, பக்கத்து வீட்டாரின் நிலையை மேலும் மோசமாக்கவும் கூடும்.

இனி முதலில் சொன்ன விடயத்துக்கு வருவோம். தேவையும் உற்பத்தியும் நொடிக்கு நொடி சமமாக இருக்கின்றனவா என்பதை அதிர்வெண், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை தடவை அலைந்து திரும்புகிறது என்ற எண்ணிக்கை, காட்டிக்கொடுக்கும். இலங்கையில் அது 50 ஹேர்ட்ஸ். உற்பத்தி போதாவிட்டால் எல்லா இயந்திரங்களும் சற்று மெதுவாகி அதிர்வெண் இறங்குகிறது, உற்பத்தி மிஞ்சினால் ஏறுகிறது. அது ஓர் அளவுக்குக் கீழே விழுந்தால், நாடு முழுவதும் இருளாவதைத் தடுக்க, சில பிரதேசங்களை வலையமைப்பு தானாகவே துண்டித்துவிடும். அதுவும் பலிக்காதபோது மின் நிலையங்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ள, நாடே இருளாகிறது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், அப்படித்தான் நடந்தது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்சாதனத்தில் பட்டதால் தொடங்கிய கோளாறு, மட்டக்களப்பு நகரத்து மின்விசிறி வரை நிறுத்திவிட்டது. குரங்கைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், அன்று ஞாயிறு என்பதைப் பற்றிப் பேசியவர் குறைவு. விடுமுறை நாளில் தேவை குறைவு, வெயிலோ அதிகம். தம் சுழற்சியின் வேகத்தால் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் பெரிய இயந்திரங்கள் குறைவாகவும் சூரியத் தகடுகளின் பங்கு கூடுதலாகவும் இருந்த அந்த நேரத்தில், ஒரு சிறிய அதிர்ச்சியைத் தாங்கும் பலம் வலையமைப்புக்கு இருக்கவில்லை. அதனால்தான் அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தகடு வைத்திருப்போரிடம் பகல் நேரத்தில் அதை நிறுத்தி வைக்கும்படி கேட்கப்பட்டது.

2022 இன் மின்வெட்டுகள் இதிலிருந்து வேறுபட்டவை. அப்போது இயந்திரங்கள் இருந்தன, எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இருக்கவில்லை. உற்பத்தி போதாதென்பது முன்கூட்டியே தெரிந்ததால், எந்தப் பிரதேசத்துக்கு எந்த நேரத்தில் வெட்டு என்று அட்டவணை போட்டார்கள். மார்ச் மாத இறுதியில் அது ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. வலையமைப்பு தானாகக் கவிழ்வதும், அது கவிழாமலிருக்க ஆட்கள் திட்டமிட்டு நிறுத்துவதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே இருளாகத் தெரிந்தாலும், காரணத்தில் நேரெதிரானவை.

ஊர் மட்டத்தில் ஏற்படும் தடைகள் இவ்வளவு பெரியவை அல்ல. கொஞ்சம் கவனித்தால் தடை எங்கே என்று நாமே ஊகிக்கலாம். நம் வீட்டில் மட்டும் விளக்கில்லை என்றால் முதலில் ட்ரிப் சுவிட்சைப் பார்க்க வேண்டும். அது விழுந்திருந்தால் கோளாறு மீற்றருக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள் இருக்கிறது. அதைத் திருத்துவது வீட்டுக்காரரின் வேலை. மீற்றர் வரை உள்ள கம்பி சபைக்குரியது. வீதியில் ஒரு வரிசை வீடுகளில் மட்டும் இல்லையென்றால் ட்ரான்ஸ்போமரின் ஒரு கட்டத்துப் பியூஸ் போயிருக்கலாம். படீரென்று ஒரு சத்தம் கேட்டு, ட்ரான்ஸ்போமரின் மேலே குழல் போன்ற ஒன்று கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தால், 33 கிலோவோல்ட் பக்கத்துப் பியூஸ் விழுந்துவிட்டது. அதை நெருங்கவே கூடாது. ஊர் முழுவதும் ஒரு முறை அணைந்து சில நொடிகளில் மீண்டும் எரிந்தால் அச்சப்பட வேண்டியதில்லை. கம்பியில் ஓலை உரசியபோது தானியங்கி ஆளி ஒரு தடவை திறந்து, ஓலை விலகியதா என்று பார்க்க மறுபடி மூடிக்கொள்கிறது. அது இரண்டு மூன்று தடவை முயன்றும் தடை நீங்காவிட்டால் திறந்தபடியே நின்றுவிடும். அதன் பிறகுதான் ஆட்கள் வழி நெடுகத் தேடிக்கொண்டு வர வேண்டும். மாரியில் வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும்போது இந்தத் தேடல் மணிக்கணக்காக நீள்வதற்கு, ஒரே வழி பல மைல் தூரம் வயல்வெளியையும் களப்பையும் கடந்து போவதே காரணம்.

கடற்கரையில் இன்னொரு தொல்லை உப்பு. கல்லடி தொடங்கி பொத்துவில் வரை, கடற்காற்றில் வரும் உப்பு மின்கம்பத்துப் பீங்கான்களில் படிந்துகொண்டே இருக்கும். பனியோ தூறலோ அதை நனைத்தால் மின்சாரம் பீங்கானின் மேற்பரப்பில் கசிந்து ஓடத் தொடங்குகிறது. பெருமழை பெய்தால் உப்பைக் கழுவிவிடும், சிறு தூறல்தான் ஆபத்து. 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் தென்னந்தோப்புகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. 2004 டிசம்பர் 26 இன் கடற்கோள் கரையோர வழிகளைத் துடைத்துச் சென்றது. போர்க்காலத்தில் படுவான்கரையின் பல கிராமங்களுக்குக் கம்பியே போகவில்லை. அவ்வூர்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் வந்தது 2007 க்குப் பிறகுதான். கிழக்கின் வலையமைப்பில் சில பகுதிகள் புத்தம் புதிதாகவும் சில பகுதிகள் ஒட்டுப்போட்டவையாகவும் இருப்பதன் காரணம் இந்த வரலாற்றில் இருக்கிறது.

காட்டு யானை வரும் ஊர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முறையான யானை வேலியில் ஓடுவது, கருவி ஒன்று இடைவெளி விட்டு அனுப்பும் மிகச் சிறிய துடிப்பு. அது அதிர்ச்சி தரும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது சட்டவிரோதம். யானையும் மனிதரும் ஒரே மாதிரியாகச் சாகும் வேலி அது.

பட்டியலைப் பற்றியே மக்கள் அதிகம் கேட்கிறார்கள். ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் இயங்கச் செலவாகும் சக்தி. 60 வாட் மின்விசிறி ஒன்று ஏறத்தாழ பதினேழு மணி நேரம் சுற்றினால் ஒரு யூனிட். ஒரு குதிரைவலுக் கிணற்று மோட்டார் ஏறத்தாழ ஒரு கிலோவாட்டை இழுப்பதால், அரை மணி நேரம் ஓடினால் அரை யூனிட். மீற்றரின் இம்மாத வாசிப்பிலிருந்து சென்ற மாத வாசிப்பைக் கழித்தால் வருவதே பாவனை. அதற்குமேல் நிலையான கட்டணம் என்று ஒரு தொகை உண்டு. அது விளக்கே போடாவிட்டாலும் கட்ட வேண்டியது.

வீட்டுப் பாவனைக் கட்டணம் படிகளாக ஏறுகிறது. மாதம் 60 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு ஓர் அட்டவணை, அதைத் தாண்டுபவருக்கு வேறோர் அட்டவணை. 60 ஐத் தாண்டியவர் அறுபத்தோராவது யூனிட்டுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. அவருடைய முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறுகிறது. 59 இல் நின்ற வீட்டுக்கும் 62 இல் நின்ற வீட்டுக்கும் இடையே மூன்று யூனிட்டுக்குப் பொருந்தாத வித்தியாசம் வருவது இதனால்தான். மீற்றர் வாசிப்பவர் பிந்தி வந்ததால் படி ஏறிவிட்டது என்று பலர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அது சரியான குறை அன்று. படியின் எல்லை நாள் கணக்கோடு சேர்ந்து நீளும். 30 நாளுக்கு 60 என்றால் 33 நாளுக்கு 66. பட்டியலில் நாட்களின் எண்ணிக்கை அச்சிடப்பட்டிருக்கும், கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். உண்மையில் கவனிக்க வேண்டியது, வாசிப்பு எடுக்காமல் மதிப்பீட்டில் பட்டியல் போடப்பட்டிருக்கிறதா என்பதைத்தான்.

இந்த விலைகளை மின்சார சபை தன் விருப்பப்படி கூட்டவோ குறைக்கவோ முடியாது. 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, சபையின் முன்மொழிவைப் பரிசீலித்து, மக்கள் கருத்தைக் கேட்டபின் அங்கீகரிக்க வேண்டும். 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக நூற்றுக்கு 75 ஏறியது, 2023 பெப்ரவரியில் 66 ஏறியது, 2025 ஜனவரியில் 20 குறைந்தது, அதே ஆண்டு ஜூனில் 15 மீண்டும் ஏறியது. எரிபொருள் விலை, டொலரின் பெறுமதி, மலைநாட்டு மழை ஆகிய மூன்றும் ஒவ்வொரு திருத்தத்திலும் பங்கெடுக்கின்றன. நுவரெலியாவில் மழை பொய்த்தால் நிந்தவூரில் பட்டியல் ஏறும்.

எரிவாயுவுக்கு இவ்வளவு சிக்கலான பொறியமைப்பு இல்லை. பழைய கொழும்புக் கம்பனியின் வழியில் வந்ததே இன்றைய லிட்ரோ. 1995 இல் ஷெல் நிறுவனம் அதில் பெரும்பங்கை வாங்கியது, 2010 இல் அரசு அதைத் திரும்பப் பெற்றது. லாஃப்ஸ் மற்றைய பெரிய நிறுவனம். இறக்குமதியாகும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம்தான் சிலிண்டரில் இருக்கிறது. அதற்கு இயல்பில் மணமில்லை. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே நாற்றமுள்ள ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். 2021 இறுதியில் நாடெங்கும் சிலிண்டர் தொடர்பான வெடிப்புகள் நிகழ்ந்தபோது விசாரிக்கப்பட்டது, இந்த இரு வாயுக்களின் விகிதம் மாற்றப்பட்டதைப் பற்றியே. புரொப்பேன் கூடினால் உள்ளழுத்தம் கூடும். பழைய இணைப்புக் குழாயும் தேய்ந்த வளையமும் அதைத் தாங்காமற் போகலாம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் மேலே போகாமல் தரையில் பரவும். ஆகவே குசினியில் நாற்றம் வந்தால் மேல் யன்னலை மட்டும் திறந்து பயனில்லை. கதவைத் திறந்து வெளியேற்ற வேண்டும், மின்சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வாங்கும்போது சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் வெற்று எடையோடு 12.5 கிலோவைக் கூட்டி, கடையிலேயே நிறுத்துப் பார்க்கும் உரிமை நமக்குண்டு. கூச்சத்தால் பலர் இதைக் கேட்பதில்லை, கேட்க வேண்டும்.

மின்சார சபையின் நிர்வாகம் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025 இல் அதற்கு வந்த திருத்தமும், உற்பத்தி, கடத்தல், விநியோகம் ஆகிய பணிகளைத் தனித்தனி நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. பட்டியலின் தலைப்பில் உள்ள பெயர் மாறினாலும் மீற்றரின் இரு பக்கத்துப் பொறுப்பும் மாறப்போவதில்லை. தடை ஏற்பட்டால் 1987 என்ற இலக்கத்துக்கோ உள்ளூர் நுகர்வோர் சேவை நிலையத்துக்கோ பட்டியலில் உள்ள கணக்கு இலக்கத்துடன் அறிவிக்கலாம். குறைந்த அழுத்தம், தவறான வாசிப்பு போன்ற முறைப்பாடுகளை எழுத்தில் பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்வது நல்லது. அங்கே தீராவிட்டால் அந்தப் பிரதியோடு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் போகலாம். அங்குத் தமிழிலேயே எழுதலாம்.